செட்டு அண்ணாச்சி போட்ட வரிசை

இசைத்தட்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் டிஜேக்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 'உங்கள் வாழ்க்கையை ஆக்கிய தட்டுகள் எவை?' என்று அவர்களிடம் கேட்டால் போதும், விடியவிடியப் பேசுவார்கள். அப்பா வைத்திருந்த தட்டு, முதல் சம்பளத்தில் வாங்கிய தட்டு, பிரிந்துபோனவள் விட்டுப்போன தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். பிபிசி வானொலியின் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' 1942-இலிருந்து இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால் எந்த எட்டுத் தட்டுகள் வேண்டும் என்பார்கள். நம் விவித பாரதியின் சிறப்புத் தேன்கிண்ணத்தில், வந்த கலைஞர் தமக்குப் பிடித்த பாட்டுகளைச் சொல்லி அவற்றின் கதையையும் சொல்வார்.

இந்தப் பதில்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். கேட்கக் கேட்க ஒன்று மட்டும் உறுத்தும். எல்லோரும் தாங்களே தேர்ந்தெடுத்த தட்டையே சொல்கிறார்கள். நெல்லைச் சீமையில் எங்கள் ஊரான முக்கூடலில், எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட கிராமபோன் கிடையாது. ஆனாலும் என்னைத் தட்டுகள்தான் வளர்த்தன. எனக்கும் என் அம்மாவுக்கும் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் சேர்த்து அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் ஒரே ஆள், ரேடியோ செட்டுக்காரர்.

எங்களுக்கு அவர் செட்டு அண்ணாச்சி. சைக்கிள் கேரியரில் தகரப்பெட்டி, அதற்குள் தட்டுகள். பின்னால் வண்டியில் அகுஜா ஆம்ப்ளிபயரும் கூம்புக் குழாய்களும் வயர்ச் சுருளும் வரும். கோயில் கொடைக்குக் கால்நாட்டிய அன்றே வேப்பமரத்திலும் பனையிலும் குழாய் ஏறிவிடும். குழாயை எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டுவது என்பதில் பெரிய வழக்கு நடக்கும். வடக்குத் தெருவுக்கு ஒன்று என்றால் கீழத் தெருவுக்கும் ஒன்று வேண்டும். குளிக்கப் போகிறவர்களுக்காகத் தாமிரபரணியைப் பார்த்து ஒன்று கட்டாயம் இருக்கும். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கிளம்பினால், கொடை தொடங்கிவிட்டது என்று அக்கரையில் துணி துவைப்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

அந்தப் பெட்டியின் அடியில் பழைய 78 சுற்றுத் தட்டுகள் இருந்தன. பக்கத்துக்கு மூன்று நிமிடம். கை தவறினால் நொறுங்கிவிடும். அவை வினைல் அல்ல, அரக்கு. பலாச மரத்திலும் குசும் மரத்திலும் அரக்குப் பூச்சி கட்டும் பிசினைச் சுரண்டி, உருக்கி, கல்தூளும் கரியும் கலந்து அழுத்தியவை. கிராமபோன் கம்பெனி 1908-இல் கல்கத்தாவில் ஆலை வைத்தது, பிறகு டம்டம்முக்கு மாறியது. அரக்கோ சோட்டா நாகபுரியிலும் அதை ஒட்டிய மத்திய இந்தியக் காடுகளிலும் கிடைப்பது. இரண்டாம் உலகப்போரில் இங்கிருந்து அரக்கு போவது தடைப்பட்டதும், பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் புதுத் தட்டு வாங்கிப்போகும்படி அமெரிக்கக் கடைகளில் கேட்டார்களாம்.

அரக்கு வந்த காட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மாவின் பீடிச் சொளவு நினைவுக்கு வந்தது. முக்கூடல் பீடிக்குப் பேர்போன ஊர். சொக்கலால் பீடி எங்கள் ஊரிலிருந்து கிளம்பியதுதான். பீடிக்கு இலை எங்கிருந்து வருகிறது? அதே மத்திய இந்தியக் காடுகளிலிருந்து. கோடையில் அங்குள்ள ஆதிவாசிக் குடும்பங்கள் பறித்து, காயவைத்து, கட்டுக் கட்டாக அனுப்பும் இலை அது. ஒரே காட்டிலிருந்து அரக்கு கிழக்கே போய்த் தட்டானது; இலை தெற்கே வந்து பீடியானது; இரண்டும் எங்கள் திண்ணையில் சந்தித்தன. நனைத்த இலையில் தகரத்தை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி மடக்கும் கைகளுக்கு மேலே அரக்குத் தட்டு பாடிக்கொண்டிருந்தது. அரக்கு சுரண்டியவளும் இலை பறித்தவளும் ஒரே வீட்டுப் பெண்களாக இருந்திருக்கக்கூடும். தங்கள் காடு இத்தனை தூரம் வந்து ஒரு தெருப் பெண்களுக்கு வேலையும் கொடுத்துப் பாட்டும் கொடுத்தது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. யாராவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

செட்டு அண்ணாச்சிக்கு ஆசான் இலங்கை வானொலி. 1952-இல் அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒடுக்கினார். அதைத் தேடிய காதுகளெல்லாம் கொழும்புப் பக்கம் திரும்பின. கடல் தாண்டி வரும் அலை நெல்லைச் சீமையில் துல்லியமாக விழும். திருநெல்வேலிக்கு 1963-இல் சொந்த நிலையம் வந்த பிறகும் காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்காத பீடித் திண்ணை கிடையாது. மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டை வைக்கிறார்கள் என்று அண்ணாச்சி ஒரு நோட்டில் எழுதிவைப்பார். பாட்டைக் காதால் கேட்ட ஊரில், வரிசையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அவருடைய வித்தை முழுதாக வெளிப்பட்டது கல்யாண வீடுகளில். என் அக்கா கல்யாணத்தைச் சொல்கிறேன்.

நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் என்று ஒரு மேளம் வைக்கப் பீடிக்கூலிக் குடும்பத்துக்கு எங்கே முடியும்? அப்படிப்பட்ட வீடுகளுக்கு அண்ணாச்சி காருகுறிச்சி அருணாசலத்தின் தட்டை எடுத்துவருவார். ஆற்றுக்குத் தென்கரையில், வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் இருக்கிறது காருகுறிச்சி. அந்த ஊர்ப்பிள்ளை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்து, குருவின் தோடியைத் தோளில் சுமந்துவந்து, நாடே கொண்டாடும் வித்வானாகி, கோவில்பட்டியில் குடியேறி, நாற்பதுகளின் தொடக்கத்திலேயே 1964-இல் போய்ச் சேர்ந்தார். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் ஆபேரியில் வாசித்ததைத் தமிழ்நாடு முழுக்க அறியும். எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பே அவரைக் கல்யாணப் பந்தலில் நேரில் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர்களுக்கு அந்த வருஷத்து மழையும் விளைச்சலும்கூட அந்த வாசிப்போடு சேர்ந்தே நினைவிருக்கும். அவரை அமர்த்த வசதியில்லாத வீட்டிலும் அவர் வாசிக்கவேண்டும் என்றால் தட்டு ஒன்றுதான் வழி.

முந்தின நாள் சாயங்காலமே அண்ணாச்சி வந்துவிட்டார். அம்மாவிடம் முகூர்த்த நேரத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். "தாலி கட்டையில மேளம் சரியா வந்திருமா தம்பி?" என்று அம்மா கவலைப்பட்டாள். "யக்கா, நீங்க கையை மட்டும் காட்டுங்க. மேளத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பிறகு தட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நாகஸ்வரம் தனியே அலையும் இடத்தில் வரிப்பள்ளங்கள் கறுத்து வழவழப்பாகத் தெரிந்தன. தவில் சேர்ந்து முழங்கும் இடத்தில் பள்ளம் அதிகமாக நெளிவதால் வெளிச்சம் சிதறிச் சாம்பல் வளையமாக மினுங்கியது. இசையைக் கண்ணால் பார்க்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வளையம் தொடங்கும் இடத்துக்கு நேராக, நடு லேபிளில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். முள் துள்ளாமலிருக்க அதன் தலைமேல் பத்துப் பைசா ஒன்றை ஒட்டவைத்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1970-களில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்ற இளைஞர் தட்டின்மேல் கிரேயானால் கோடு போட்டு, தாளம் எடுக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். முள்ளை அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து, சில நொடித் தாளத்தை ஆடுகிறவர்கள் களைக்கும்வரை நீட்டினார். ஹிப்ஹாப் என்னும் இசைக்குப் போட்ட அஸ்திவாரங்களில் அது ஒன்று என்று எழுதுகிறார்கள். இரண்டு பேரும் ஒருவரைப்பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்கவே வழியில்லை. கோடு மட்டும் ஒன்று.

மறுநாள் மணமேடையில் மஞ்சள் கயிறு சிக்கிக்கொண்டது. ஆலாபனை ஓடிக்கொண்டிருக்கிறது; இன்னும் சில சுற்றில் தவில் வந்துவிடும். மாப்பிள்ளை கையில் தாலி இல்லாமல் மேளம் முழங்கினால் அபசகுனம் என்று கிழவிகள் பதறுவார்கள். நான் அண்ணாச்சி பக்கத்தில் நின்றிருந்தேன். ராகம் ஒரு மூச்சு விடுகிற இடம் பார்த்து முள்ளைத் தூக்கினார், நாலு வரி முன்னால் வைத்தார். பந்தலில் ஒருவருக்கும் தெரியவில்லை. வித்வான் இன்னொரு சங்கதி வாசிக்கிறார் என்றே தோன்றியது. மறுபடி தூக்கினார், மறுபடி வைத்தார். சிக்கு விடுபட்டது, அம்மாவின் கை உயர்ந்தது. இந்தத் தடவை முள் சிவப்புக் கோட்டுக்கு நேராக இறங்கியது. அட்சதை விழுந்தபோது முழங்கிய தவில், காருகுறிச்சியே பார்த்து அமர்த்தியதுபோல் இருந்தது. அக்காவுக்கு இப்போது பேத்திகள் இருக்கிறார்கள். தன் கல்யாணத்துக்குக் காருகுறிச்சி வாசித்தார் என்றுதான் அவர்களிடம் சொல்வாள். அது பொய்யில்லை என்பது என் கட்சி.

மற்றத் தட்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். அவற்றைக் கேட்டதும் அருள் வந்து ஆடியவர்களை நான் அறிவேன். நாகூர் ஹனிபா பாட்டுகள். பொட்டல்புதூர் கந்தூரிக்குப் போட்ட அதே தட்டை அண்ணாச்சி அம்மன் கொடைக்கும் போடுவார், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' கதைவசனத் தட்டுகள். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே தருமியின் பேச்சை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார்கள். தமிழின் ஏற்ற இறக்கத்தை நான் கற்றது அந்தத் திண்ணையில்.

பிறகு இளையராஜா வந்தார். 'ப்ரியா' (1978) தட்டில் ஸ்டீரியோ என்று போட்டிருந்தது. அண்ணாச்சியின் ஆம்ப்ளிபயருக்கு இடம் வலம் தெரியாது. இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிந்த ஒலி ஒரே ஓடையாகச் சேர்ந்து பனைமரத்திலிருந்து கொட்டியது. அப்படிக் கேட்டுப் பழகிய எனக்கு, ஹெட்போனில் வயலின் ஒரு காதிலும் கிதார் மறுகாதிலும் கேட்டபோது ஊர் இரண்டாகப் பிரிந்ததாகவே பட்டது.

அந்தத் தட்டுகளைத்தான் இன்று வெளிநாட்டு டிஜேக்கள் தேடி அலைகிறார்கள். ஆண்டி வோட்டல் என்ற ஆங்கில டிஜே நண்பர்களோடு நடத்தும் பைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம், 1977 முதல் 1983 வரையிலான இளையராஜா பாட்டுகளைத் தொகுத்துத் தட்டாகவே மறுபடி வெளியிட்டது. பிளாக் ஐட் பீஸ் குழு 2003-இல் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப்பாட்டு ஒன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தங்கள் ஆல்பத்தில் வைத்தது. எனக்கு அதில் பெருமைதான். அவர்கள் ஒலியை எடுத்துக்கொண்டு போனார்கள், நன்றாகவே பாதுகாப்பார்கள். ஆனால் வரிசை தட்டின் உறையில் அச்சாகவில்லை. கால்நாட்டுக்கு எது, குடியழைப்புக்கு எது, வில்லுப்பாட்டு முடிந்து சனம் கலைகிற நேரத்துக்கு எது, இழவு வீட்டில் மகள் வந்து சேரும்வரை எது என்பதெல்லாம் அம்பாசமுத்திரம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பழைய செட்டுக்காரர்களின் தலைக்குள் இருக்கிறது. கேசட் வந்ததும் தட்டுகள் பரண் ஏறின, அவர்களுக்கும் வயதாகிவிட்டது. யாராவது ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் போகவேண்டும்.

நானே போனேன். டிஜேக்களிடம் கேட்கும் அதே கேள்வியை அண்ணாச்சியிடம் கேட்டேன். உங்களை ஆளாக்கிய தட்டு எது?

"எந்த நேரத்துக்குக் கேக்க?" என்றார்.

எல்லா நேரத்துக்கும் சொல்லுங்கள் என்றேன். விடியக்காலம் கந்த சஷ்டி கவசம், சூலமங்கலம் சகோதரிகள். பீடிக்காரிகள் எழுந்து இலை நனைக்கும் நேரம். மதியக்கொடைக்கு முந்தி ஈஸ்வரி. சாமிக்குப் படப்புப் போட்டு எல்லாரும் அசந்து கிடக்கையில் சுசீலா, அதுவும் சத்தத்தைப் பாதியாக்கி. சாமக்கொடைக்குத் தட்டே கூடாது, மகுடம் அடிக்கிறவனுக்கு வழிவிட வேண்டும். சொல்லிக்கொண்டே போனார். காருகுறிச்சி எங்கேயும் வரவில்லை. கொடைக்கு அதைப் போட்டதில்லையா என்று கேட்டேன்.

"கொடைன்னா மேளக்காரங்க வந்திருப்பாவல்லா. அவுக உக்காந்திருக்கையில தட்டுல நாயனம் போடுததா?" என்றார் அண்ணாச்சி.