பனையோலை வளையம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொண்டு, ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக் கொண்டே போவது ஒரு நல்ல பொழுதுபோக்கு. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியைத் தாண்டியதும் அடுத்த ஸ்டேஷன் நாசரேத்! இன்னும் சற்றுத் தூரம் போனால் முஸ்லிம் பெருமக்கள் வாழும் காயல்பட்டினம். கடைசியில் செந்திலாண்டவனின் சந்நிதி. 1923-ஆம் ஆண்டில் இந்தப் பாதையைத் திறந்தவர்கள் ரயில் விடுவதற்காகத்தான் திறந்தார்கள். ஆனால் சமரஸ உணர்ச்சியைப் போதிக்க இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைப்பது அரிது.

2024 டிசம்பரில் நான் நாசரேத்தில் இறங்கினேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை, அருகிலுள்ள ஒரு சிற்றூரில் கோவில் விற்பனை விழா. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத்தைக் 'கோவில்' என்றே சொல்லுகிறார்கள். "இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். விழாவைக் காட்டிலும் அதற்கான ஏற்பாடுகள்தான் பார்க்கத் தகுந்தவை" என்று நண்பர் எழுதியிருந்தார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

நாசரேத்துக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள உறவு பழமையானது. தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1876-ஆம் ஆண்டில் ஆர்தர் மர்காஷியஸ் என்ற மிஷனரி அங்கே வந்து சேர்ந்தார். 1908-ல் இறக்கும் வரையில் அதுவே அவருடைய ஊராயிருந்தது. பஞ்சத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, அவர்கள் தம் கையாலேயே பிழைக்க வேண்டும் என்று கருதி, 1878-ல் ஒரு தொழிற்பள்ளியை அவர் ஏற்படுத்தினார். நாட்டில் கைத்தொழிலைப் பற்றிப் பெரிய பிரசங்கங்கள் எழுவதற்கு முன்பே, இந்தப் பனங்காட்டில் உளியும் இழைப்புளியும் பேசத் தொடங்கிவிட்டன.

நான் சென்ற கிராமத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பனைதான். தூரத்தில் செக்கச் செவேலென்று தேரி மணல். டிசம்பரில் பதநீர் இறங்காது. ஆகையால் பனையேறிகளுக்குக் கொஞ்சம் ஓய்வு. அவர்களில் ஒருவர் குருத்தோலைகளை வெட்டிக் கொண்டுவந்து கோவில் முற்றத்தில் போட்டிருந்தார். அவற்றைச் சுற்றிப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

விழா வெறும் வேடிக்கைக்காக அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த வட்டாரத்தில் பெய்த பேய்மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரயில் பாதை அரித்துக்கொண்டு போனதால், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் நின்றுவிட்டது. நான் போன கிராமத்தில் ஒரு விதவையின் மண்சுவர் வீடு கரைந்து போயிற்று. ஓராண்டாகியும் அவள் தார்ப்பாய்க் கூரையின் கீழேதான் இருந்தாள். அவளுக்கு ஓட்டுக் கூரை போடுவதற்காகத்தான் இந்த விற்பனை விழா.

கடைகளில் கருப்பட்டி, முறுக்கு, பக்கத்து முதலூரின் பெயர் பெற்ற மஸ்கோத் அல்வா எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்காக ஒரே ஒரு விளையாட்டு: வளையம் எறிதல். அதற்கான சாமான் எதையும் கடையில் வாங்கவில்லை. தொழிற்பள்ளியில் தச்சு கற்ற பெரியவர் ஒருவர், உடைந்த நாற்காலிகளின் கால்களைச் சாண் நீளத்துக்கு அறுத்து, ஒரு பழைய கதவுப் பலகையில் ஒன்பது முளைகளாக இறுக்கினார். வளையத்துக்கு முதலில் வெறும் ஓலையைப் பின்னிப் பார்த்தார்கள். அது காற்றில் பட்டம் போல் எங்கேயோ பறந்தது. பிறகு தும்புக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் ஈர்க்கு நீக்கிய ஓலையை இறுக்கிப் பின்னினார்கள். கனமும் வந்தது, அழகும் வந்தது.

வளையம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதில்தான் விவகாரம் கிளம்பிற்று.

"முளை நுழையும் அளவு இருந்தால் போதும், பெரியப்பா. கூட்டமோ நிறைய வரும். பரிசு குறையக் குறையக் கூரைக்குப் பணம் சேரும்" என்றான் ஓர் இளைஞன். அவன் கெட்ட எண்ணத்துடன் சொல்லவில்லை. அந்த விதவை அவனுக்குச் சொந்த அத்தை.

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கூப்பிட்டு, சிறிய வளையத்தை இருபது தடவை எறியச் சொன்னார். ஒன்றுதான் விழுந்தது. ஆறு விரற்கடை அகலமுள்ள வளையத்தைக் கொடுத்தார். பத்துக்கு இரண்டு விழுந்தது.

"இதுதான் அளவு, தம்பி. ஒன்றுமே விழாவிட்டால் அது சூது. எல்லாம் விழுந்தால் அது விளையாட்டே இல்லை" என்றார்.

"அப்படியானால் அத்தையின் கூரை?" என்று கேட்டான் இளைஞன். அவன் குரல் சற்றுத் தழுதழுத்தது.

அதுவரை பேசாமல் ஓலை பின்னிக்கொண்டிருந்த டீச்சரம்மா, தரையில் விரலால் கணக்குப் போட்டார். "ஐந்து ரூபாய்க்கு மூன்று வளையம். சிறிய வளையமென்றால் ஏழு பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். இந்த வளையத்தில் இரண்டு பேரில் ஒருவருக்கு ஒன்றாவது விழும். பரிசு மூன்று ரூபாய்ச் சில்லுக்கருப்பட்டி. நூறு பேர் ஆடினால் ஐந்நூறு ரூபாய் வரும். முந்நூறு வளையத்தில் அறுபது விழும். பரிசுக்கு நூற்றெண்பது ரூபாய் போனாலும் முந்நூற்றிருபது மிச்சம். ஏமாந்த பிள்ளை ஒரு தடவை ஆடிவிட்டுப் போய்விடும். ஜயித்த பிள்ளையோ அண்ணனையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். அதோடு, தம்பி, பிள்ளைகளை ஏய்த்த காசில் போட்ட கூரையின் கீழே உன் அத்தைக்குத் தூக்கம் வருமா?"

இளைஞன் தலை குனிந்தான். சற்று நேரத்துக்கெல்லாம் அவனே ஓர் ஓலையை எடுத்து ஈர்க்குக் கிழிக்கத் தொடங்கினான்.

எனக்கு வேறொரு திருவிழாக் கடை ஞாபகம் வந்தது. அங்கே பளபளவென்று சோப்புகளும் கடியாரங்களும் வரிசையாக இருந்தன. வளையமோ அவற்றின் மேல் மயிரிழை இடைவெளியில்தான் இறங்கும். கையிலிருந்த காசையெல்லாம் அங்கே தோற்றுவிட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வீடு வந்த சிறுவன் வேறு யாருமல்ல, அடியேன்தான்! அந்தப் பெரியவரைப் போல் ஒருவர் அன்று அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக் கொண்டேன்.

சனிக்கிழமை மாலை, மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய நட்சத்திரங்கள் ஒளிவீச, விழா தொடங்கிற்று. தரையில் சுண்ணாம்பால் இரண்டு கோடுகள்: பெரியவர்களுக்கு ஆறு அடியில் ஒன்று, பிள்ளைகளுக்கு நாலு அடியில் ஒன்று. ஓலை பின்ன உதவிய பிள்ளைகளுக்கு மூன்று வளையம் இனாம். இதனால் கையில் காசில்லாத பிள்ளையும் கௌரவமாக வரிசையில் நின்றது. காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தார் ஆடினார்கள். திருச்செந்தூர் போகும் வழியில் எட்டிப் பார்த்த பாதயாத்திரைக்காரர்களும் ஆடினார்கள். வளையம் யாருடைய மதத்தையும் விசாரிக்கவில்லை. கை நிதானத்தை மட்டுமே விசாரித்தது.

அன்றிரவு எல்லாக் கடைகளின் பணத்தையும் சேர்த்து எண்ணினார்கள். ஓடு வாங்கப் போதுமான தொகை சேர்ந்திருந்தது. பொங்கலுக்கு முன் கூரை முடிந்துவிட்டதென்று நண்பர் பிறகு எழுதினார். வளையங்களில் ஒன்றை எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அது இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. ஓலையின் பசுமை வெளுத்துவிட்டது. பின்னல் மட்டும் தளரவில்லை.

நேயர்கள் தங்கள் ஊர் விழாவுக்கு இப்படியொரு விளையாட்டைச் செய்ய விரும்பினால் பழைய பலகையும் நாலு கழியும் கொஞ்சம் கயிறும் போதும். ஆனால் வளையத்தின் அளவைத் தீர்மானிக்குமுன், ஊரிலுள்ள மிகச் சிறிய பிள்ளையைக் கூப்பிட்டு ஒருமுறை எறியச் சொல்லிப் பாருங்கள்.