சாச்சாட ரேடியோவில் ஓடிய குதிரைகள்



ஏப்ரல் சீசன் தொடங்கினால் நுவரெலியா ரேஸ்கோர்ஸ் படங்கள் எல்லாருடைய பக்கத்திலும் வரும். எனக்குக் குதிரைகளைப் பழக்கியது ரேஸ்கோர்ஸ் இல்லை, எங்கட சாச்சாட ரேடியோ.

சாச்சா தையல்காரர். வாலிபத்தில் புக்கிக்குப் போய்ப் போய் ஒரு தையல் மெஷினையே அடகில் விட்டவர். வாப்பா அதை மீட்டுக் கொடுத்த அன்று, இனி ஒரு சதமும் வைக்க மாட்டேன் என்று சொன்னார். மௌத்தாகும் வரை வைக்கவில்லை. ஆனால் ரேடியோவை விடவில்லை. உம்மும்மாவுக்கு அது பொறுக்காது. "சூதை விட்டவனுக்கு சூதுட சத்தம் எதுக்கு?" என்பா. சாச்சா அமைதியாகச் சொல்வார்: "ரசூலுல்லாஹ் (ஸல்) அவங்களே மதீனாவுல குதிரைப் பந்தயம் வச்சிருக்காங்க உம்மா. பழக்கின குதிரைக்கு நீண்ட தூரம், பழக்காததுக்குக் குறைஞ்ச தூரம். இப்னு உமரும் (ரலி) ஓட்டியிருக்காங்க. ஹராம் குதிரையில இல்ல, காசு கட்டுறதுலதான்." (இன்று போனில் பந்தயம் பிடிக்கிற தம்பிமார் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஜூன் மாதம் இங்கிலாந்தில் டேர்பி. எங்கட நேரம் இரவு எட்டு மணியளவில் வரும். பிபிசியில் பீட்டர் புரொம்லியின் குரல். 1959 முதல் 2001 வரை பிபிசி வானொலியின் குதிரைப் பந்தயக் குரல் அவர்தான். டீவியில் பீட்டர் ஓ'சுலிவன் பெரிய பெயர் எடுத்தவர். ஆனால் டீவிக்காரருக்குப் படம் துணை. புரொம்லிக்கு அதுவும் இல்லை. ஜொக்கிமாருடைய சட்டை நிறங்களை மனப்பாடம் செய்து, இரண்டரை நிமிடத்தில் அத்தனை குதிரைகளையும் காதால் பார்க்க வைப்பார். சிற்றலை இழுத்து இழுத்து மறையும். சரியாகக் கடைசி வளைவில்தான் சத்தம் போகும். சாச்சா அன்டெனா வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

1981 டேர்பியில் ஷெர்கார் பத்துக் குதிரை நீளத்தால் வென்றது. டேர்பியில் அப்படி ஒரு இடைவெளி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மற்றக் குதிரைகளைப் பார்க்கத் தொலைநோக்கி வேணும் என்று புரொம்லி சொன்னதும் சாச்சா சிரித்த சிரிப்பு! ஓட்டிய வோல்டர் ஸ்வின்பேர்னுக்கு 19 வயது. ஆகாகானுடைய குதிரை, பச்சைச் சட்டை, தோளில் சிவப்பு. "அந்தத் தோளை மடிப்பு விழாமத் தைக்கிறது லேசுல்ல" என்றார், தையல்காரர் அல்லவா. 1983 பெப்ரவரியில் ஆயுததாரிகள் அயர்லாந்தில் அந்தக் குதிரையைக் கடத்திப்போனார்கள். பிறகு கிடைக்கவே இல்லை. அந்தச் செய்தி கேட்ட இரவு சாச்சா சாப்பிடவில்லை.

ஆனாலும் அவருடைய ஆள் லெஸ்டர் பிகொட்தான். பிறவியிலேயே காது சரியாகக் கேளாதவர், பேச்சும் தெளிவில்லை. 12 வயதில் முதல் வெற்றி, 18 வயதில் முதல் டேர்பி, மொத்தம் ஒன்பது. ஜொக்கிக்கு உயரம் கூடிய ஆள், வாழ்நாளெல்லாம் வயிற்றைக் கட்டி எடையைப் பிடித்தவர். காது கேளாத பிள்ளையைக் கூட்டிவந்து கலங்கி நிற்கும் பெற்றாருக்கு நான் இன்றும் இந்த மனிதரைப் பற்றிச் சொல்வதுண்டு. வரி ஏய்ப்புக்காகச் சிறை போனதையும் மறைக்க மாட்டேன்.

1990இல் ஓய்விலிருந்து திரும்பி வந்த சில நாட்களிலேயே அமெரிக்காவில் ரோயல் அகாடமி என்ற குதிரையில் பெரிய பந்தயம் ஒன்றை வென்றார். பேப்பரை நான்தான் சாச்சாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எத்தின வயசாம்?"

"54."

"என்ட வயசு" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெஷினில் போய்க் குந்தினார்.