காலி டப்பா காலியில்லை

மாசி மாதம் துவரையைக் காயவைத்துக்கொண்டிருந்தோம். அதில் தடவ விளக்கெண்ணெய் எடுத்து வந்தார் அம்மா. கையில் இருந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்த்திகையில் பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு மோட்டார் கொட்டகையில் நான் போட்டுவைத்த ஒரு லிட்டர் டப்பா அது.

"சீயக்காய் போட்டு மூணு தரம் கழுவிட்டேன்டா தம்பி. வாசமே இல்ல பாரு" என்றார்.

தப்பு அம்மா மேல் இல்லை, என் மேல்தான். எண்ணெயைக் கீழே கொட்டச் சொன்னேன். அம்மாவுக்கு வருத்தம். அப்போதுதான் பீகார் கதையைச் சொன்னேன். 2013 ஜூலை 16 அன்று சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது சோதனையில் தெரிந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததாகச் சொன்னார்கள்.

கழுவினால் போகாதா? முழுதாகப் போகாது. மருந்தோடு கலந்திருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்குக்குள் ஊறி, மருந்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். பிறகு எண்ணெய் ஊற்றினால், ஊறியது மெல்ல வெளியே வரும். வாசம் போனதால் விஷம் போனதாக அர்த்தமில்லை.

பச்சைமலை அடிவாரத்தில் எங்கள் அரும்பாவூர்ப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எல்லாவற்றுக்கும் மருந்து அடிக்கிறோம். காலி டப்பாக்கள் வாய்க்காலில் கிடக்கின்றன. மழை பெய்தால் ஏரிக்குப் போகும். அதே தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். மருந்தை டேங்கில் ஊற்றியதும், டப்பாவில் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அதையும் டேங்கிலேயே ஊற்றுகிறேன். இப்படி மூன்று முறை. காசு கொடுத்து வாங்கிய மருந்தும் வீணாவதில்லை. உடனே அரிவாளால் அடியில் ஓட்டை போட்டுவிடுகிறேன்; ஓட்டை டப்பாவை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். எரிப்பதில்லை, அந்தப் புகையும் விஷம். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், டப்பாவை உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கின்றன. கிணறு, வாய்க்கால் பக்கம் புதைக்கக் கூடாது.

ஆனால் எத்தனை டப்பாவைத்தான் மண்ணில் புதைப்பது? பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அடுத்த முறை மருந்து வாங்கும்போது, "காலி டப்பாவை எப்போ வாங்கிக்குவீங்க?" என்று கடையில் கேளுங்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பத்துப் பேர் கேட்டால் பதில் வரும்.

அம்மா இப்போது விளக்கெண்ணெயைப் பழைய கண்ணாடிப் பாட்டிலில் வைத்திருக்கிறார்.