சவரப் பெட்டி

சென்ற ஆண்டு சித்திரைத் திங்களில் ஒரு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு மரக்காணத்திற்குச் சென்றேன். 82 வயதான தந்தையாருக்குப் பக்கவாதம் கண்டு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. பேச்சுத் தெளிந்துவிட்டது, கால் தரையில் ஊன்றியது, வலக்கைதான் எழவில்லை. கோடையோ உப்பு வாரும் காலம். தம்பியும் அவன் மனைவியும் வெயிலுக்கு அஞ்சி, இருட்டோடு இருட்டாக அளத்திற்குப் புறப்பட்டுவிடுவார்கள். பகலில் முதியவரோடு இருக்க ஓர் ஆள் தேவை; அதற்காகத்தான் நான் போனேன். ஆனால் தம்பி தொலைபேசியில் முறையிட்டது வேறொன்றைப் பற்றி. "சோறு ஊட்டினா துன்றாரு, தண்ணி ஊத்தினா குளிக்கிறாரு. மொகத்துல மட்டும் கை வெக்க வுடமாட்டேங்கிறாரு அண்ணா" என்றான்.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தவரைக் கண்டு ஒரு கணம் திகைத்து நின்றேன். நினைவு தெரிந்த நாள் முதல் அவரை மழிக்காத முகத்தோடு நான் பார்த்ததில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் கடல் பொங்கி வந்ததே, அதற்கு மறுநாள் காலையிலும் அவர் சவரம் செய்துகொண்டார். 2011-இல் தானே புயல் எங்கள் கூரையைக் கொண்டுபோன மறுநாளும் அப்படியே. அம்மா அந்நாளில் சலித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அவருடைய கன்னக் குழிகளில் வெள்ளை முடி, கோரைக் கிழங்கு முளைத்ததுபோலத் திட்டுத் திட்டாய் முளைத்திருந்தது.

தம்பி வாங்கிவைத்திருந்த பிளாஸ்டிக் ரேசரை எடுத்துக்கொண்டு அருகில் போனேன். தந்தையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது வாணாம். என் பொட்டிய எடு."

"எடுக்கிறேன் நைனா. ஆனா அந்தக் கத்தி எனக்குப் பழக்கமில்லையே."

"அதான் சொல்றேன். மொதல்ல உன் மொகம். அப்புறம் என் மொகம்."

பெட்டி என்பது பழைய பிஸ்கட் தகரம். அதனுள்ளே மூன்று துண்டாகக் கழலும் ஒரு பித்தளை ரேசர். மேற்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. பன்றி மயிரில் செய்த ஒரு பிரஷ். அலுமினியக் கிண்ணத்தில் அமிழ்ந்து குழிந்துபோன சவர சோப்பு. எங்கள் பக்கத்தில் சீனாக்காரம் என்று சொல்லும் படிகாரக் கட்டி ஒன்று. டோபாஸ் பிளேடு ஒரு பொட்டலம். சட்டம் உடைந்த கண்ணாடி. இவ்வளவுதான். 20 ஆண்டுகளாக நகரத்தில் நான் பயன்படுத்தி வந்த ரேசர் என் பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுக்கக் கூடாது என்பதும் அவர் நிபந்தனை. "ஒரு மாசத்துக்கு இந்தப் பொட்டி மட்டுந்தான். இன்னிக்கு இது, நாளைக்கு அதுன்னா கைக்கு ஒன்னும் வெளங்காது" என்றார். ஒரு மாதம் என்பது என் விடுப்பின் அளவு. அதை அவர் அறிந்தே சொன்னார் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் சோப்பு நுரைக்கவே இல்லை. கைபம்பில் அடித்த நீரில் பிரஷை நனைத்துக் கால் மணி நேரம் சுழற்றினேன். தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பி மிதந்ததே தவிர நுரை எழவில்லை. தந்தையார் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொல் சொல்லவில்லை. மழித்து முடித்தபோது என் தாடையில் மூன்று இடங்களில் இரத்தம். படிகாரத்தைத் தடவியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டாம் நாளும் இவ்வாறே கழிந்தது. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார். "இது என்னா ஊரு? உப்பூரு. பம்புத் தண்ணியில சோப்பு செத்துப்பூடும். குடத்துத் தண்ணிய மொண்டுக்கோ."

பள்ளியில் படித்த வேதியியல் அப்போதுதான் எனக்கு உரைத்தது. நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை சோப்போடு கூடிக் கரையாத கசடாகிவிடும். நுரைக்க வேண்டிய சோப்பு வீணாகும். அளத்துக்காரருக்கு இவ்விரண்டும் புதியவை அல்ல. கடல்நீர் போமே அளவுகோலில் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் பாத்தி பாத்தியாக வற்றி 25 டிகிரியைத் தொடும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30 என்று ஏறவிட்டால் மக்னீசிய உப்புகள் மிகுந்து, வாரும் உப்பு கசக்கும். ஆகவே அந்தக் கசப்பு நீரை வெளியே வடித்துவிடுவார்கள். தந்தையார் நாற்பது ஆண்டுகள் இந்த டிகிரிக் கணக்கோடும் நிறுவைக் கணக்கோடும் வாழ்ந்தவர். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் இந்த ஊரில், எந்தக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்கும், எதில் நுரைக்காது என்பது அவருக்கு மனப்பாடம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்தப் பழம்பெருமையை விட, குடிக்கத் தொலைவிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒரு குடம் நன்னீரே அன்று எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அதில் அரைக் குவளை எடுத்தேன். நுரை பாற்கட்டிபோல் திரண்டு நின்றது.

பின்னர் ஒவ்வொன்றாகப் பழகியது. கத்தியை அழுத்தக் கூடாது; அதன் எடையே வேலை செய்யும். தோலுக்கு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளர்கிறது. கழுத்திலோ பக்கவாட்டில் சுழன்று வளர்கிறது. 56 வயதில் என் முகத்தின் போக்கை நான் முதன்முதலாக அறிந்துகொண்டேன் என்றால் வாசகர்கள் நகைக்கக் கூடும். உண்மை அதுதான்.

பிளேடு இன்னொரு பாடம். உப்புக் காற்றில் எதுவும் தப்பாது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றதும் அதன் மீதுள்ள குரோமியப் படலத்தை உப்பு துளைத்துவிட்டால் புள்ளி புள்ளியாய்த் துருவேறும். ஆகவே ஒவ்வொரு நாளும் ரேசரைக் கழற்றி, பிளேடைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசி வைக்க வேண்டும். தந்தையார் இளமையில் பயன்படுத்தியவை சாதாரண எஃகு பிளேடுகள். 1960-களின் தொடக்கத்தில் துருவேறா பிளேடுகள் உலகச் சந்தைக்கு வந்தாலும், எங்கள் கடற்கரைப் பெட்டிக்கடைக்கு அவை வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. மழுங்கிய பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் வைத்து விரலால் முன்னும் பின்னும் தேய்த்துக் கூராக்கி, ஒரே பிளேடை இரண்டு வாரம் ஓட்டியதாகச் சொன்னார்.

அந்த ஒரு மாதத்தில் ஓய்வுப் பொழுதுகளில் இதன் வரலாற்றைச் சிறிது தேடிப் படித்தேன். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1903-இல் இவ்வகை ரேசரை விற்கத் தொடங்கியபோது, அவ்வாண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 இலட்சம் ரேசர்கள் வாங்கியது. நான் மிகவும் சுவைத்த செய்தி அண்மைக் காலத்தது. 2002-இல் அதே நிறுவனம் இந்தியருக்கென ஒரு புது ரேசரை உருவாக்கி, அதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. எல்லாரும் நன்று என்றனர். இந்தியாவில் விற்றபோது தோற்றது. குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் இடத்தில் அந்த மாணவர்கள் மழித்தார்கள். இங்கோ எத்தனையோ வீடுகளில் தரையில் அமர்ந்து ஒரு குவளை நீரில் மழித்தார்கள். குவளை நீரில் அலசினால் அந்த ரேசரில் அடைத்த முடி போகவில்லை. பிறகு வல்லுநர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து, மனிதர்கள் எப்படி மழிக்கிறார்கள் என்று அமர்ந்து பார்த்து, 2010-இல் 15 ரூபாய்க்கு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். இதைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். "ஒரு கொவள தண்ணின்னு எழுதிக் கேட்டிருந்தா நானே பதில் போட்டிருப்பனே" என்றார்.

பதினோராம் நாள், என் முகத்தில் கீறலின்றி மூன்று நாள் கழிந்த பிறகு, தம் முகத்தைக் கொடுத்தார்.

பிறர் முகத்தை மழிப்பது வேறு. தன் முகத்தில் கத்தி போகும் இடத்தைத் தோலே சொல்லிவிடும். மற்றவர் முகத்தில் கண்ணை மட்டுமே நம்ப வேண்டும். முதியவரின் தோல் தொய்ந்து மடிந்திருந்தது. இடக்கைப் பெருவிரலால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கத்தியை இறக்க முடியும். அவருடைய முகத்தை நான் அதற்கு முன் தொட்டிருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். சிறுவயதில் தொட்டிருப்பேன், நினைவில் இல்லை. தாடைக்குக் கீழே ஒரு மரு. குரல்வளை மேடு ஏறி இறங்கியது. அவர் எச்சில் விழுங்கும்வரை கத்தியை விலக்கிக் காத்திருந்தேன். கண்களை மூடவில்லை அவர். என் கையையே பார்த்தபடி இருந்தார். முடிந்து ஈரத்துணியால் துடைத்தபோது இடக்கையால் தம் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "காதுகிட்ட வுட்டுட்ட" என்றார்.

அன்று மாலைதான் அந்தக் கதையைச் சொன்னார்.

அவர் பிறந்தது கடற்கரையில் அன்று. மேற்கே உள்ளடங்கிய ஒரு சிற்றூரின் சேரியில். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். 1961-இல் அவருக்கு 18 வயது. மாமன் திருமணத்திற்கு முதல் நாள், முதன்முதலாக முகம் மழித்துக்கொள்ள ஆசைப்பட்டு, ஆலமரத்தடியில் இருந்த நாவிதரிடம் போய் நின்றார். மிஷன் பள்ளியில் எட்டாவது முடித்தவர். வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே தலைநிமிராமல், "எந்தத் தெரு?" என்று கேட்டார். இவர் சொன்னார். கத்தி உறைக்குள் போயிற்று. வேறொன்றும் நடக்கவில்லை, வசையில்லை, அடியில்லை. மரத்தடியில் காத்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். பணி செய்ய மறுப்பதைக் குற்றமாக்கிய தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டு மரக்காணத்தில் அளத்து வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் புதுவைக் கடைத்தெருவுக்குப் போய் அவர் வாங்கியது இந்த ரேசர். அந்த ஊருக்கு அதன்பின் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போனார். ஒருமுறையும் மழிக்காத முகத்தோடு போகவில்லை.

நான் அறிந்த ஒரு செய்தியைச் சொல்லி அவர் மனத்தை ஆற்ற முயன்றேன். பிரிட்டோரியா நகரில் ஓர் ஆங்கிலேய முடிதிருத்துநர் காந்தியடிகளுக்கு முடிவெட்ட மறுத்ததையும், அவர் தாமே வெட்டிக்கொண்டு நீதிமன்றம் போய் நண்பர்களின் நகைப்புக்கு ஆளானதையும், அந்த நாவிதரைக் குறை சொல்லாமல், நம் நாட்டில் நாம் செய்வதும் இதுதானே என்று எழுதியதையும் சொன்னேன். கறுப்பருக்கு வெட்டினால் அவருடைய வாடிக்கையாளர் போய்விடுவார்கள். ஆலமரத்தடி நாவிதருக்கும் ஊரை மீறினால் பிழைப்பில்லை என்றேன். தந்தையார் பொறுமையாகக் கேட்டார்.

"காந்தி வக்கீலு. அந்த ஊரு இல்லன்னா இன்னொரு ஊரு. எனுக்குப் பொறந்த ஊரு அது ஒன்னுதான்."

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. 2003-இல் அவர் சென்னைக்கு என் வீட்டிற்கு வந்திருந்தார். பெட்டியைக் கொண்டுவர மறந்துவிட்டார். நான் அவரைத் தெருமுனையில் இருந்த குளிர்பதனச் சலூனுக்கு அழைத்துச் சென்றேன். நாற்காலியில் அமர்த்தி, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே, அந்த இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்: "பெரியவருக்கு எந்தப் பக்கம்?" தந்தையார் துணியை உருவிப் போட்டுவிட்டு எழுந்து வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். நடைபாதையில், நாலு பேர் பார்க்க, "பட்டிக்காட்டான் மாதிரி ஏன் என் மானத்தை வாங்குறீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டார். அந்தக் கேள்வியை நான் கேட்டது அவருக்கு நினைவிருக்கிறதா என்று இந்த ஒரு மாதத்தில் பலமுறை கேட்க நினைத்தேன். கத்தி கையில் இருக்கும்போது கேட்க முடியாது; கத்தியைக் கீழே வைத்தபின் வாய் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் என்று நினைக்கிறேன், காதோரத்தை மழித்துக்கொண்டே, "நைனா, அன்னிக்கு மெட்ராசுல..." என்று தொடங்கிவிட்டேன். "பேசாத. கை ஆடும்" என்றார்.

கடைசி வாரத்தில் வேலை ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தது. இரண்டு முகங்களுக்கு ஒரு குவளை நீர் போதுமானதாயிற்று. காதோரத்தில் முடி விடுபடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தந்தையாரைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் அழைத்துச் சென்றபோது கோயில் வாசலில் ஒரு மூதாட்டி, "கை விழுந்துடுச்சின்னாங்களே, மொகம் மாப்பிள்ளையாட்டம் இருக்குதே" என்றார். தந்தையார் என்னைக் காட்டவில்லை. தம் இடக்கையை உயர்த்திக் கும்பிடு போட்டார்.

நான் புறப்படும் நாள் வந்தது. தம்பி அன்று அளத்திலிருந்து சீக்கிரம் திரும்பியிருந்தான். அவன் விரல்களில் உப்பு வெடிப்புகள்; கால்களில் காய்ந்த உப்புப் பொருக்கு. கட்டிலருகே வந்து, "இனிமே நான் பண்ணிவுடறேன் நைனா" என்றான். தந்தையார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடக்கையால் தகரப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல உன் மொகம்."

தம்பி சிரித்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கைபம்பை நோக்கி நடந்தான். நான் வாயைத் திறந்தேன். தந்தையார் என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். பம்பின் ஓசை கேட்டது. நான் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.