புகையைத் திரும்பக் குடிக்கும் எஞ்சின்கள்

ஷையான் நகரை விட்டு மேற்கே போகும்போது மலை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. லாரமி மலைத்தொடர் எதிரே நிற்கிறது, அடிவாரம்தான் கண்ணில் படுவதில்லை. சமவெளியே மெல்லச் சாய்ந்து எழுந்து மலையின் தோளில் போய் ஒட்டிக்கொள்கிறது. சுற்றிலும் மலையடியில் கிடந்த பழைய வண்டலை ஆறுகள் அரித்துக் கொண்டுபோய்விட, இந்த இடத்தில் மட்டும் ஒரு குறுகிய பட்டை மிஞ்சியிருக்கிறது. 1860களில் யூனியன் பசிபிக் ரயில்பாதையை ராக்கி மலைமேல் ஏற்ற வழி தேடியவர்களுக்குக் கிடைத்தது இந்தப் பட்டைதான். இன்று இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையும் இதைப் பிடித்தே ஏறுகிறது.

வயோமிங் மாநிலத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் யெல்லோஸ்டோனுக்குப் போவார்கள். நான் இந்தச் சாலைக்காகவே வந்தேன். கண்டத்தின் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள கடைகளுக்கான சரக்கு இந்த ஒற்றைச் சாலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இடம் கொடுத்த டிரக்கின் ஓட்டுநர் ஜலந்தர் பக்கத்துக்காரர், கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர், வண்டி அவருக்குச் சொந்தம். சகோதரர் என்ற பொருளில் நான் அவரை "பாஜி" என்றேன், அவர் என்னை "வீர்ஜி" என்றார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பஞ்சாபி ஓட்டுநர்கள் இப்போது ஏராளம். லாரமிக்கு மேற்கே, மரமே இல்லாத காற்றுவெளியில், ஒரு டிரக் ஸ்டாப்பில் சுடச்சுடப் பருப்பும் ரொட்டியும் கிடைக்கிறது.

இந்த நெடுஞ்சாலையின் மிக உயரமான இடம் ஷெர்மன் உச்சி, 8,640 அடி. அங்கே கருங்கல் மேடைமேல் ஆபிரகாம் லிங்கனின் பெரிய வெண்கலத் தலை சாலையைக் குனிந்து பார்க்கிறது. ராபர்ட் ரஸ்ஸின் என்ற சிற்பி 1959-இல் செய்தது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்று ஏறத்தாழ கால் பங்கு மெலிந்துவிடுகிறது. ஏற்றத்தில் டர்போவின் கீச்சொலி உயர்ந்துகொண்டே போனபோது பாஜி மீட்டர்களைக் காட்டி, "எஞ்சினுக்கு மூச்சு சரியா இருக்கா இல்லையான்னு இந்த ஏற்றத்துலதான் தெரியும் வீர்ஜி. இதுக்குப் பாதி மூச்சு வெளியிலிருந்து, மீதி தன்னோட புகையிலிருந்து" என்றார்.

பாதி என்பது மிகை. ஆனால் அவர் சொன்னதில் உண்மை உண்டு. இன்றைய டீசல் டிரக் எஞ்சின்களில் பெரும்பாலானவை தாம் வெளியே விடும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே இழுக்கின்றன. வேகத்தையும் சுமையையும் பொறுத்து, உள்ளே போகும் வாயுவில் ஏறத்தாழ 15 முதல் 25 சதவீதம் வரை எரிந்து முடிந்த புகையாக இருக்கலாம். இஜிஆர் என்று பட்டறைகளில் சொல்லப்படுவது இந்த ஏற்பாடுதான்.

எரிந்துபோன புகையால் எஞ்சினுக்கு என்ன பயன்? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது ஆக்சிஜனோடு சேராது. டீசல் சுடரின் நடுவில் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. 1,500 டிகிரிக்கு மேலே போனாலே இரண்டும் வேகவேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிவிடும். வெளியே வந்தபின் அவை வெயிலில் ஓசோனையும் பழுப்புப் புகைமூட்டத்தையும் உண்டாக்கி நுரையீரலைத் தாக்குகின்றன. எரிபொருளில் நைட்ரஜன் இல்லாவிட்டாலும் இது நடக்கும். குற்றவாளி வெப்பம்தான். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயுவும் நீராவியும் அதிகம். இவை எரிவதில் பங்கெடுக்காமல் வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்கின்றன. கொழுந்துவிடும் அடுப்பைச் சாம்பல் தூவி அடக்குவதுபோல, ஏற்கனவே எரிந்ததைக் கொண்டு எரிவதை அடக்குகிறார்கள். சுடரின் உச்சிவெப்பம் சில நூறு டிகிரி இறங்கினாலும் நைட்ரஜன் ஆக்சைடு வெகுவாகக் குறைகிறது. இதை முதன்முறை புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் தணியவில்லை.

யோசனை எளிது, நடத்திக்காட்டுவதுதான் கடினம். டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை மீறிப் புகை நுழைய வேண்டும். அதற்காகப் பல எஞ்சின்களில் டர்போவின் இதழ்களைக் கொஞ்சம் மூடிப் புகைப்பக்கத்து அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். டர்போவுக்கு முன்பாகவே பிரித்தெடுக்கப்படும் அந்தப் புகை 500, 600 டிகிரி சூட்டில் இருக்கும். அப்படியே உள்ளே விட்டால் பயனில்லை. ஆகவே இஜிஆர் கூலர் என்ற நீண்ட எஃகுப் பெட்டிக்குள், மெல்லிய குழாய்களின் வழியே அது போகிறது. குழாய்களைச் சுற்றி எஞ்சினின் கூலன்ட் ஓடும். அந்தப் பெட்டியின் நீளத்துக்குள் வெப்பம் 200 டிகிரிக்கும் கீழே இறங்க வேண்டும். இறங்கிய வெப்பமெல்லாம் கூலன்டில் சேர்வதால் ரேடியேட்டரையும் பெரிதாக்க வேண்டியதாயிற்று. எவ்வளவு புகையை விடுவது என்பதை ஒரு வால்வும் சில சென்சார்களும் கம்ப்யூட்டரும் நொடிக்கு நொடி முடிவு செய்கின்றன.

இந்தப் பாகம் அமெரிக்க டிரக்குகளுக்குள் வந்த கதைக்கும் இதுபோன்ற நெடுஞ்சாலைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1990களில் விற்ற பல எஞ்சின்கள் அரசுச் சோதனையில் விதிக்குள் நின்றன. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும்போது மட்டும் கம்ப்யூட்டர் எரிபொருள் தெளிக்கும் நேரத்தை மாற்றிவிடும். டீசல் மிச்சமாகும், நைட்ரஜன் ஆக்சைடு பெருமளவு கூடும். 1998-இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நவிஸ்டார், ரெனோ, வால்வோ ஆகிய ஏழு நிறுவனங்கள் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டன. அபராதம் மட்டும் 8 கோடியே 34 லட்சம் டாலர். 2004-இல் வரவேண்டிய விதியை அவற்றில் பெரும்பாலானவை 2002 அக்டோபரிலேயே எட்ட வேண்டியதாயிற்று. குளிரூட்டிய இஜிஆர் பெரிய டிரக்குகளில் பரவலாக வந்தது அப்போதுதான். திரும்பும் புகையால் வரும் கரியையும் அமிலத்தையும் தாங்க சிஐ-4 என்ற புதிய எஞ்சின் ஆயில் தரமே அந்த ஆண்டு அறிமுகமானது. பக்குவப்பட வேண்டிய ஒரு பாகம் அவசரமாகச் சாலைக்கு வந்தது என்பது என் எண்ணம். முதல் தலைமுறைக் கோளாறுகளுக்கு அந்த அவசரமும் ஒரு காரணம்.

லாரமியைத் தாண்டினால் எல்க் மலை. 1970 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்தப் பகுதி காற்றுக்கும் பனிக்கும் பேர்போனது. சாலையோரம் மைல்கணக்கில் மரப்பலகைப் பனித்தடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. குளிர்காலத்தில் பனிக்காற்று அடித்தால் சாலையையே மூடிவிடுவார்கள். அந்த இரவுகளில் ஓட்டுநர்கள் தூங்கும் அறைக்குச் சூடு வேண்டி எஞ்சினை விடியவிடிய நின்ற இடத்திலேயே ஓட விட்டிருக்கிறார்கள். பாஜியும் முன்பு அப்படிச் செய்தவர்தான். இப்போது கேபினுக்குள் தனியாக ஒரு சின்ன டீசல் ஹீட்டர் வைத்திருக்கிறார்.

அன்று எங்களை நிறுத்தியது பனியல்ல. எல்க் மலை ஏற்றம் முடிந்து ராலின்ஸ் நகரை நெருங்கும்போது கூலன்ட் குறைவு என்று விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தோம். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பாஜி நிமிர்ந்து புகைக்குழாயின் வாயைப் பார்த்தார். வெள்ளைப் புகை, அதில் இனிப்பான ஒரு வாடை. கூலன்டில் கலந்திருக்கும் கிளைகால் எரிந்தால் அந்த வாடை வரும். "உள்ளே குடிக்குது" என்றார். வண்டியை மேலே ஓட்ட அவர் சம்மதிக்கவில்லை. இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டுச் சாலையோரம் காத்திருந்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சேஜ் புதர்கள், அவற்றுக்கிடையே பிராங்ஹார்ன் மான்கள். அவ்வளவு துல்லியமான வானத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த வானத்துக்கும் ஆபத்து வந்தது உண்டு. அங்கிருந்து வடமேற்கே, பைன்டேல் பக்கத்துக் கிரீன் ரிவர் பள்ளத்தாக்கில் எரிவாயுக் கிணறுகள் பெருகியபோது, கிணறுகளிலிருந்து கசிந்த வாயுவும் எஞ்சின்களின் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து நடுக்குளிர்காலத்தில் ஓசோனை உண்டாக்கின. பனித்தரை சூரிய ஒளியைத் திருப்பி அடித்ததால் வேதிவினை மேலும் வேகமாயிற்று. மக்கள் மிகக் குறைவாக வாழும் மாநிலம் அது. ஆனால் 2012-இல் அந்தப் பகுதி ஓசோன் விதியை மீறிய பகுதி என்று அறிவிக்கப்பட்டது. நைட்ரஜன் ஆக்சைடு பெருநகரத்தின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்தப் பள்ளத்தாக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ராலின்ஸ் பட்டறையில் மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். கூலரைக் கழற்றி, கூலன்ட் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் அமுக்கினார். சூட்டில்தான் விரிசல் வாய் திறக்கும் என்பதால் வெந்நீர். சிறிது நேரத்தில் ஒரு மூலையிலிருந்து மணிமணியாகக் குமிழிகள் வந்தன. குழாய் தகட்டோடு சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு. ஒருபுறம் கொதிக்கும் புகை, மறுபுறம் கூலன்ட், ஏற்றத்தில் சூடு, இறக்கத்தில் குளிர்ச்சி. இந்த மாற்றம் திரும்பத் திரும்ப நடக்கும்போது எஃகும் களைத்துப்போகிறது. கூலன்ட் மட்டம் குறைவாகவே ஓட்டினாலோ, பழைய கூலன்டை மாற்றாமல் விட்டாலோ அந்த முடிவு சீக்கிரம் வரும்.

குழாய்களின் புகைப்பக்கத்தை டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு கரி அப்பியிருந்தது. சூடான வாயுவில் மிதக்கும் கரித்துகள் தானாகவே குளிர்ந்த சுவரை நோக்கி நகரும், அது இயற்பியல் விதி. குளிர்விக்க வைத்த சுவரே கரியை வரவழைத்துக்கொள்கிறது. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது புகையின் சூடு போதாமல் எரியாத டீசலும் நீராவியும் அங்கேயே படிந்து, கரியைப் பசையாக்குகின்றன. கரி தடித்தால் வெப்பம் கடக்காது, கூலர் இருந்தும் இல்லாததுபோல் ஆகும். வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டால் கறுப்புப் புகை, பிக்கப் குறைவு, கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் அடைப்பு. மூடியபடி ஒட்டினால் ஓட்டுநருக்கு எதுவுமே தெரியாது, வண்டி நன்றாகவே இழுக்கும், நஞ்சு மட்டும் கூடும், கம்ப்யூட்டர் கண்டுபிடித்துப் பவரைக் குறைக்கும்வரை. அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சாரின் சின்னத் துளை கரியால் அடைபட்டதைக் கவனிக்காமல், நல்ல வால்வைக் கழற்றி எறிகிறார்கள் என்று அந்த மெக்கானிக் வருத்தத்தோடு சொன்னார்.

பாஜி வண்டியை நிறுத்தியது எவ்வளவு சரி என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. கசிந்த கூலன்ட் இரவில் சிலிண்டருக்குள் தேங்கினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் நீரின்மேல் மோதும். நீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இத்தனை பலவீனம் உள்ள பாகத்தை மட்டுமே நம்பி ஒரு பெரிய நிறுவனம் இறங்கியது. 2010-இல் நைட்ரஜன் ஆக்சைடு அளவு ஒரு குதிரைத்திறன் மணிக்கு 0.20 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, மற்றவர்கள் யூரியாக் கரைசலைப் புகைக்குழாயில் தெளிக்கும் எஸ்சிஆர் முறைக்குப் போனார்கள். கேட்டர்பில்லர் சாலை டிரக் எஞ்சின் தொழிலையே விட்டு விலகியது. நவிஸ்டார் மட்டும் யூரியா வேண்டாம், இஜிஆரைக் கூட்டியே சமாளிப்போம் என்றது. அதன் எஞ்சின்கள் அந்த 0.20-ஐ எட்டவில்லை, முன்பு விதியைவிடச் சுத்தமான எஞ்சின்களை விற்றுச் சேர்த்த சலுகைக் கணக்கை வைத்து விற்றுவந்தது. கோளாறுகளும் வழக்குகளும் பெருகின. 2012-இல் அதுவும் எஸ்சிஆர் முறைக்கு மாறியது. அதே காலத்தில் ஐரோப்பாவில் இவெகோ நேரெதிர் வழியில் போய், பெரிய எஞ்சின்களில் இஜிஆரே இல்லாமல் எஸ்சிஆரை மட்டும் வைத்து யூரோ 6 விதியை எட்டியது. சுடரைக் குளிர்வித்தால் கரி கூடும், சூடாக்கினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். இந்த இழுபறியை ஒரே பாகத்தின் தலையில் கட்டியதுதான் தவறு, இஜிஆர் என்ற யோசனையில் தவறில்லை. எஸ்சிஆரோடு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் இன்றைய எஞ்சின்களில் அது அடக்கமாகத் தன் பங்கைச் செய்கிறது.

புதிய கூலர் வரும்வரை காத்திருந்தபோது, இஜிஆரை அடைத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் பாஜிக்கு யோசனை சொன்னார். அமெரிக்காவில் அதைச் சட்டம் தடை செய்கிறது. பாஜி சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "என் பிள்ளைங்க ஃபிரெஸ்னோவுல இருக்காங்க. அந்த ஊர்க் காத்தைச் சுவாசிச்சுப் பாருங்க" என்றார். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ இருக்கும் பள்ளத்தாக்கு அமெரிக்காவிலேயே மிக மோசமான காற்றுள்ள பகுதிகளில் ஒன்று.

2020 ஏப்ரல் முதல் இந்தியாவின் பிஎஸ்-6 விதிப்படி விற்கப்படும் நம் லாரிகளிலும் பேருந்துகளிலும் பலவற்றில் இதே கூலரும் வால்வும் இருக்கின்றன. வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: கூலன்ட் டப்பாவில் மட்டம் குறைகிறது, கீழே சொட்டு இல்லை என்றால், நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள், கூலரைக் கழற்றி அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். தேவையில்லாமல் எஞ்சினை நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஓட விடாதீர்கள். தகடு வைத்து இஜிஆரை அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.