ஆரம்பிக்கத் தெரிஞ்சுது, நிறுத்தத் தெரியலை

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்டலை. இன்னிக்கு ஒரு சொந்தக் கதை. நடுவுல கொஞ்சம் சி ப்ரோக்ராம் வரும். பொட்டி தட்டாதவங்க ஓடிடாதீங்க, முடிஞ்ச வரைக்கும் புரியற மாதிரி சொல்றேன்.

ஆபீஸ்ல என் தலையில கட்டின வேலை ஒரு ஆர்பிசி சர்வர். விரிச்சா ரிமோட் ப்ரொசீஜர் கால். வேற மெஷின்ல இருக்கற ஃபங்ஷனை, நம்ம ப்ரோக்ராம்லயே இருக்கற மாதிரி கூப்பிடறது. 1984-ல பிரெல், நெல்சன்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரை இதுல ரொம்பப் பிரசித்தம். அப்புறம் சன் கம்பெனி இதை யுனிக்ஸ் உலகம் முழுக்கப் பரப்பிச்சு. நம்ம என்எஃப்எஸ் ஓடறது அது மேலதான். எங்க சர்வர் செய்யறது சின்ன வேலை. ஒரு குடோன்ல எந்தச் சரக்கு எத்தனை மூட்டை இருக்குன்னு கேட்டா சொல்லும். கோடு எனக்கு அண்ணன் வயசு. அது ஓடற லினக்ஸும் சிஸ்டம்டி வர்றதுக்கு முந்தினது.

இதைப் பின்னணியில ஓட விடறதுக்குன்னு ஒரு சடங்கு இருக்கு. முதல்ல ஃபோர்க் போட்டு ஒரு பிள்ளை ப்ராசஸைப் பெத்துட்டு அப்பன் செத்துடணும். பிள்ளை செட்சிட் கூப்பிட்டு டெர்மினலோட உறவை வெட்டிக்கணும். ரூட் டைரக்டரிக்குப் போகணும், இல்லாட்டி நின்ன இடத்து டிஸ்கை யாராலயும் அன்மவுண்ட் பண்ண முடியாது. 0, 1, 2 மூணையும் டெவ் நல் பக்கம் திருப்பணும். அப்புறம் போர்ட்மேப்பர்கிட்ட பேர் பதியணும். அது 111-ம் போர்ட்ல உக்காந்திருக்கற அபார்ட்மெண்ட் வாட்ச்மேன். வர்ற விருந்தாளிக்கு எந்த வீடுன்னு கை காட்டறது அதோட வேலை. கடைசியா எஸ்விசி ரன். அவ்வளவுதான், சர்வர் காத்துக்கிட்டே இருக்கும்.

ஆர்பிசிஜென் தானா எழுதித் தர்ற மெயின் ஃபங்ஷனைப் பாத்திருக்கீங்களா? எஸ்விசி ரன்னுக்குக் கீழ ஒரு எர்ரர் மெசேஜ், ஒரு எக்ஸிட், பக்கத்துல ஒரு கமெண்ட்: ‘நாட் ரீச்ட்’. இங்க யாரும் வந்து சேரப் போறதில்லைன்னு அர்த்தம். பிறக்கறதுக்கு வழி எழுதி வச்சவங்க, நிம்மதியா சாகறதுக்கு வழி எழுதலை.

அந்த வழியை நான் எழுதினேன். நாலே வரி ஷெல் ஸ்க்ரிப்ட். ஆரம்பிக்கும்போது ப்ராசஸ் நம்பரை ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும். நிறுத்தும்போது அதைப் படிச்சு கில் மைனஸ் 9. ரெண்டையும் சேத்து ரீஸ்டார்ட்னு ஒரு கமாண்ட். டேமேஜர்கிட்ட பாராட்டு வேற வாங்கினேன்.

ஒரு நாள் ராத்திரி குடோன்ல கரண்ட் போய் மெஷின் திரும்ப எழுந்துச்சு. எங்க சர்வர் தானா ஏறலை. காலையில அஞ்சரை மணிக்கு, சரக்கு விவரம் வரலைன்னு போன் வந்திருக்கு. நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணன், நான் எழுதிக் கொடுத்தபடியே ரீஸ்டார்ட் அடிச்சார். சரக்கு விவரம் வந்துடுச்சு. ஆனா பில் போடற ப்ரோக்ராம் செத்துப் போச்சு. என்னன்னு கண்டுபிடிக்க எட்டு மணி ஆச்சு. அது வரைக்கும் லாரிங்க கேட்லயே நின்னுது.

‘ஆபரேட்டர் தவறான ப்ராசஸைக் கொன்றுவிட்டார்’னு பத்து மணிக்கு மெயில் வந்துது. அவர் காண்ட்ராக்ட்ல இருக்கறவர்.

அவருக்கு எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கற பழக்கம். வாங்கிப் பாத்தேன். ‘நிறுத்தப்பட்டது 1893’ன்னு ஸ்க்ரிப்ட் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். பில் ப்ரோக்ராமோட லாக்லயும் அதே 1893. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மெஷின் விழுந்தும் என் பழைய ஃபைல் அழியாம இருந்திருக்கு. புதுசா எழுந்த மெஷின்ல ப்ராசஸ் நம்பர் திரும்ப அடியிலேர்ந்து வரும். எங்க சர்வரோட பழைய நம்பர் இந்தத் தடவை பில் ப்ரோக்ராமுக்குப் போயிடுச்சு. என் ஸ்க்ரிப்ட் ஆள் யாருன்னு பாக்காம நம்பரை மட்டும் பாத்து வெட்டிடுச்சு.

உடனே போய்ச் சொன்னேன்னு எழுத ஆசைதான். சொல்லலை. சாப்பிடப் போனேன், ரெண்டு டீ குடிச்சேன். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு மனசு கணக்குப் போட்டுது. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் டேமேஜர்கிட்ட போனேன். அவர் நோட்டையும் லாக்கையும் பாத்துட்டு ஒண்ணும் பேசலை. திருத்தி ஒரு வரி மெயில் போட்டார்.

அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். “நீங்க எழுதி வச்சதைத்தான தம்பி அடிச்சேன்”னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

அப்புறம் உக்காந்து ஒழுங்கா எழுதினேன். ஃபோர்க்கெல்லாம் முடிஞ்ச பிறகு சர்வர் அந்த ஃபைல் மேல எஃப்சிண்டல் லாக் பிடிச்சு வச்சுக்கும். ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் கெர்னல் லாக்கை விடுவிச்சிடும். ஸ்டாப் கமாண்ட் முதல்ல ‘லாக் யார்கிட்ட இருக்கு’ன்னு கெர்னலைக் கேக்கும். யாருமில்லைன்னா யாரையும் தொடாது. இருந்தா சிக்டெர்ம், மைனஸ் 9 கிடையாது. மைனஸ் 9 போட்டா, வாட்ச்மேன்கிட்ட சொல்லாம வீட்டைக் காலி பண்ணின மாதிரி. விருந்தாளிங்க பூட்டின வீட்டுக்கு வந்துக்கிட்டே இருப்பாங்க. சிக்னல் ஹேண்ட்லர்ல ஒரு கொடியை மட்டும் தூக்கறேன். எஸ்விசி ரன்னுக்குப் பதிலா நானே போட்ட போல் லூப், ஒரு நொடிக்கு ஒரு தடவையாவது கொடியைப் பாத்து வெளிய வரும். வந்ததும் பிமேப் அன்செட் போட்டு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பும்.

அந்த ‘நாட் ரீச்ட்’ கமெண்ட்டை அழிச்சுட்டேன். இப்பல்லாம் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அங்க வந்து சேர்ந்துடுது.

டிஸ்கி: உங்க ஸ்டாப் ஸ்க்ரிப்ட்டை ஒரு தடவை திறந்து பாத்துட்டு வந்து பின்னூட்டம் போடுங்க மக்கா.