எதிர்வீட்டுப் பையன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2023 செப்டம்பரில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். ஓஹையோ மாநிலம், கொலம்பஸ் நகரம். அந்த ஊரில் சனிக்கிழமை என்றால் ஃபுட்பால்தான். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. முட்டை மாதிரி நீண்ட பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் மோதித் தள்ளுவார்கள். ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். பார்க்க வருகிறவர்கள் ஒரு லட்சம் பேர். மிகைப்படுத்தவில்லை, அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில் அத்தனை இருக்கை இருக்கிறது.

ஆட்டம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்பது பிடிபட்டது. எதிர்வீட்டுப் பையன்தான் காரணம். பன்னிரண்டாம் வகுப்பு. வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். எங்கள் வீட்டுப் புல்லை வெட்டிவிட்டு, நின்றபடியே ஏழு தோசை சாப்பிடுவான். அவனை எந்தக் கல்லூரி கேட்கும் என்பதுதான் அப்போது தெருவில் பேச்சு.

நம் பிள்ளைகள் கல்லூரியைத் தேடி அலைகிறார்கள். அங்கே ஆட்டக்காரப் பிள்ளையைக் கல்லூரி தேடி வருகிறது. உதவிப் பயிற்சியாளர்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். பையன்கள் தங்கள் ஆட்டத்தை வீடியோவாக வெட்டி அனுப்புகிறார்கள். இதற்கென்றே இருக்கும் இணையதளங்கள் ஒவ்வொரு பையனுக்கும் நட்சத்திரம் போடுகின்றன. ஐந்து நட்சத்திரம் வருடத்துக்குச் சுமார் 30 பேருக்குத்தான். பள்ளிகளில் ஆடுகிறவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் கல்லூரி அணிக்குள் நுழைவது நூற்றுக்கு ஏழு பேர். கல்லூரியிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

டீச்சராக எனக்குச் சந்தோஷம் தந்த விஷயம் ஒன்று உண்டு. பையனைப் பற்றி விசாரிக்கும்போதே மதிப்பெண் பட்டியலையும் கேட்டுவிடுகிறார்கள். பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், சராசரி 4க்கு 2.3 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் பெரிய கல்லூரியில் முதல் வருடம் களமிறங்க முடியாது.

இன்னொன்று, இன்றைக்கு எப்படி ஆடுகிறான் என்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. 21 வயதில் இந்த உடம்பு எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்பா என்ன உயரம், கை எவ்வளவு நீளம், குளிர்காலத்தில் மல்யுத்தமோ கூடைப்பந்தோ ஆடுகிறானா, இதெல்லாம் கேட்கிறார்கள். பெண் பார்க்க வருகிற மாதிரி வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசுகிறார்கள்.

எதிர்வீட்டுக்கும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகப் பேசினார். கடைசியில், "பையன் வரலாம், ஆனால் உதவித்தொகை இல்லை" என்றார். அப்போது பெரிய அணி ஒன்றுக்கு 85 உதவித்தொகைதான். அதற்கு மேல் வருகிறவன் தன் காசில் படித்துக்கொண்டே ஆட வேண்டும். அம்மா தனி ஆள், நர்ஸ் வேலை. அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடுராத்திரி தாண்டியும் விளக்கு எரிந்தது. டிசம்பரில் கையெழுத்துப் போடும் நாளும் வந்து போனது. வேறு யாரும் கூப்பிடவில்லை.

மாப்பிள்ளை அவனுக்குத் தைரியம் சொல்வார். ஜோஷ் ஆலனைப் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் கேட்கவில்லை. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டே பயிற்சியாளர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினார், வயோமிங் எடுத்துக்கொண்டது. 2024 பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். ஜே.ஜே. வாட் என்பவர் முதல் கல்லூரியை விட்டுவிட்டு பீட்சா விநியோகம் செய்தார். பிறகு உதவித்தொகை இல்லாமல் விஸ்கான்சினில் சேர்ந்து பெரிய ஆளானார்.

சேர்ந்த பிறகு வளர்க்கும் முறையும் எனக்குப் பிடித்தது. அப்போது ஐந்து வருடத்தில் நான்கு வருடம் ஆடலாம். அதனால் பலரை முதல் வருடம் உட்கார வைத்தார்கள். நன்றாகச் சாப்பிடு, எடை தூக்கு, பழைய ஆட்டங்களின் வீடியோவைப் பார், பாடம் படி என்றார்கள். பின்தங்கிய பிள்ளைக்கு நம்மால் அப்படி ஒரு வருடம் கொடுக்க முடிந்ததா? ஃபெயில் என்று சிவப்பு மையில் எழுதத்தான் தெரிந்தது.

எல்லாம் தர்மமாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பல மாநிலங்களில் ஆளுநரைவிட ஃபுட்பால் பயிற்சியாளருக்குச் சம்பளம் அதிகம். பையன்களோ 2021 ஜூலை வரை தங்கள் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில்கூடச் சம்பாதிக்கக் கூடாது. இப்போது அது மாறிவிட்டது. ஆனால் வருடா வருடம் கல்லூரி மாறலாம் என்றும் ஆகிவிட்டது. வேறு கல்லூரியில் வளர்ந்த 22 வயதுக்காரன் தயாராகக் கிடைக்கும்போது, 17 வயதுப் பிள்ளையை எடுத்து வளர்க்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

பிப்ரவரியில், நான் ஊர் திரும்புவதற்குச் சில நாட்கள் முன்பு, சின்னக் கல்லூரி ஒன்று முழு உதவித்தொகையோடு அவனைக் கேட்டது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு, கல்லூரித் தொப்பி வைத்து, கேக் வெட்டிக் கையெழுத்துப் போட்டான். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பேசச் சொன்னதும் அம்மாவுக்கு நன்றி சொன்னான். அடுத்து, பின்வரிசையில் இருந்த ஒரு வயதான ஆசிரியரைக் காட்டினான். எட்டாம் வகுப்பில், குண்டுப் பையன் என்று எல்லோரும் சிரித்தபோது அவர்தான் அணியில் சேர்த்தாராம்.

எட்டாம் வகுப்பு என்றதும் எனக்கு உட்கார முடியவில்லை.

1996. நான் வேலை பார்த்த நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். வெறுங்காலோடு ஓடி ஜோனல் மீட்டில் பெரிய பள்ளிப் பையன்களை முந்தினான். பக்கத்துப் பள்ளி பி.டி. மாஸ்டர், விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அவன் அப்பா ஆடு மேய்ப்பவர். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்க வந்தார். "அனுப்பலாமா டீச்சர்?"

"ஓட்டம் சோறு போடுமா? படிக்கிற பிள்ளையைக் கெடுத்துடாதீங்க" என்றேன். உண்மையில் அவன் படிப்பில் சுமார்தான். நான் சொன்னேன் என்பதற்காக அவர் அனுப்பவில்லை.

இப்போது சொந்தமாக டாடா ஏஸ் ஓட்டுகிறான். நன்றாகத்தான் இருக்கிறான். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, "டீச்சர், நான் நல்லா ஓடுவேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். "இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். அவன் அப்பா என்னிடம் கேட்க வந்தது அவனுக்குத் தெரியாது. அவரும் இப்போது இல்லை.

அவன் என் முகநூல் நட்பில் இருக்கிறான். என் பதிவுகளுக்கு முதல் லைக் அவனுடையதாகத்தான் இருக்கும். பெயர் எழுதவில்லை. தம்பி, படித்துவிட்டு வை. சாயங்காலம் போன் பண்ணுகிறேன்.